வாசலுக்கு வெளியே நின்ற பாட்டு: நந்தன் சரித்திரத்தின் மஞ்சி ராகக் கீர்த்தனை

சென்ற ஆண்டு எங்கள் பேத்தி ஒரு தமிழ்ச் சங்க விழாவில் பாடுவதாக இருந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'வருகலாமோ' கீர்த்தனையை அவளே தேர்ந்தெடுத்தாள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை ஒரு யோசனை சொன்னார்: "பல்லவியும் அனுபல்லவியும் போதும், சரணம் வேண்டாம். அனுபல்லவியில் வரும் அந்த ஒரு சொல்லையும் மாத்திக்கோ. சபையில் யாராவது தப்பா எடுத்துப்பா." பேத்தி நேரே என்னிடம் வந்தாள். "தாத்தா, பாட்டு தப்பா? இல்லே அந்தச் சொல் தப்பா? ஏன் மாத்தணும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. கரமனை அக்கிரகாரத்துத் திண்ணையில் இந்தப் பாட்டைக் கேட்டே வளர்ந்தவன் நான். கேட்டேனே ஒழிய யோசிக்கவில்லை. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, பேத்தியின் கேள்விக்கே விடை தேடிப் பார்ப்போம் என்று தோன்றியது. இசையைப் பற்றிய கட்டுரைதான் இது. ஆனால் இந்தப் பாட்டின் இசையைப் பற்றிப் பேசினால், யார் எங்கே நின்று பாடுகிறார்கள் என்பதைப் பேசாமல் இருக்க முடியாது. அதையும் சேர்த்தே பேசுகிறேன்.

நாடகம் என்பது சரியா?

நந்தன் சரித்திரக் கீர்த்தனையைக் கச்சேரித் துக்கடாக்களின் தொகுப்பாகவே நம்மில் பலரும் அறிவோம். உண்மையில் அது தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் உடைய ஓர் இசை நாடகம். நந்தன், அவன் சேரி மக்கள், அவனை ஆளும் வேதியர் என்று பாத்திரங்கள் உண்டு. கீர்த்தனை, கண்ணி, சிந்து, இருசொல் அலங்காரம், நொண்டிச்சிந்து என்று வடிவங்கள் மாறி மாறி வரும். ஒருவர் கேட்க மற்றவர் மறுக்க, பாட்டாலேயே வாக்குவாதம் நடக்கும்.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயவரத்துக்கு அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து, 1896இல் மறைந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். திருமணம் செய்துகொள்ளாதவர். அவருடைய நூல் 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில், பிரெஞ்சு அதிகாரி ஒருவருடைய ஆதரவில் அச்சேறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப்பாயிரம் கொடுக்கத் தயங்கியதையும், நூலில் இலக்கண வழுக்கள் இருக்கின்றன என்று அவர் எண்ணியதையும், பிறகு பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகிக் கொடுத்ததையும் உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஐயரே மாயவரத்தில் கொஞ்ச காலம் பாரதியாரிடம் இசை கற்றவர்தான்.

எழுத்தில் வழு, பாட்டில் உருக்கம்! இந்த முரணை நினைவில் வையுங்கள். நாம் பார்க்கப்போகும் பாட்டின் முதல் சொல்லிலேயே அது இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாடகக் கம்பெனிகள் மேடையேற்றுவதற்கு முன்பு இது கதாகாலட்சேபமாகவே பரவியது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் கையில் சிப்ளாவோடு ஒற்றை ஆளாக நின்று எல்லாப் பாத்திரங்களுமாக மாறுவார்கள். இந்த நிமிஷம் அதட்டும் வேதியர், அடுத்த நிமிஷம் அடங்கி நிற்கும் நந்தன். இரண்டு குரலும் ஒரே தொண்டையில் இருந்து வரவேண்டும். அக்கிரகாரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால், அவர்களைப் போன்றே பூணூல் அணிந்த ஒருவர், 'நான் கீழ்ச்சாதியில் பிறந்தேனே' என்று பாடுவார். இந்த விசித்திரம் வெறும் கச்சேரியில் காணாமல் போய்விடுகிறது.

சேக்கிழாரிடம் இல்லாதது

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதை சுருக்கமானது. ஆதனூரில் பிறந்தவர், கோயில் முரசுக்கும் யாழுக்கும் தோலும் நரம்பும் கொடுக்கும் தொண்டர். திருப்புன்கூரில் இறைவன் நந்தியை விலகச் சொல்கிறான். தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று தள்ளிக்கொண்டே வந்தவர் ஒருநாள் போகிறார். எல்லையிலேயே நின்றுவிடுகிறார். கனவில் இறைவன் தோன்றி, தீயில் மூழ்கி வா என்கிறான். தில்லைவாழ் அந்தணர்கள் கனவிலும் சொல்கிறான். தீ மூட்டப்படுகிறது. அவர் முனிவராக வெளிப்பட்டு, கோயிலுக்குள் சென்று மறைகிறார்.

சேக்கிழாரின் கதையில் நந்தனைத் தடுக்கும் மனிதர் என்று ஒருவரும் இல்லை. அவரே தம்மைத் தடுத்துக்கொள்கிறார். பாரதியார்தான் வேதியர் என்ற பண்ணையாரைப் படைத்தார். நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று சொல்லும் எஜமானர் அவர். அதாவது, புராணத்தில் மனத்தடையாக இருந்ததை நாடகத்தில் கூலித்தடையாக மாற்றினார். அது அவருடைய பெரிய சாதனை என்பது என் கருத்து. தஞ்சை மண்ணின் பண்ணை வாழ்க்கையைக் கண்ணால் கண்டவர் அல்லவா!

மகாகவி சுப்பிரமணிய பாரதி சுதேசிப் பாடல்களுக்கு இந்த நாடகத்தின் மெட்டுகளை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இதுதான். வேதியர் நந்தனை அதட்டும் மெட்டில் வெள்ளைக்கார அதிகாரி இந்தியனை அதட்டினால், கேட்பவனுக்கு விளக்கவுரை தேவையில்லை.

நமது பாட்டு இந்த வேதியரைத் தாண்டி வந்த பிறகு வருகிறது. அறுவடை முடிந்தது, அனுமதி கிடைத்தது, சிதம்பரம் வந்தாயிற்று. இனித் தடை என்ன? எதிரே யாரும் இல்லை. கோபுரம் தெரிகிறது. நந்தன் தனியாக நிற்கிறான். மேடையில் அவனோடு பேச ஆள் இல்லாத இடத்தில் பிறக்கிறது இந்தத் தனிப்பாட்டு.

ஏழு மாத்திரை

பாட்டின் முதல் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி எழுதுகிறவர் 'வரலாமோ' என்று எழுதுவார். பேசுகிறவரும் அப்படித்தான் கேட்பார். பாரதியார் 'வருகலாமோ' என்கிறார். ஏன்?

மாத்திரை எண்ணிப் பாருங்கள். 'வரலாமோ' என்பதில் குறில் இரண்டு, நெடில் இரண்டு. ஆக ஆறு மாத்திரை. 'வருகலாமோ' என்பதில் வ, ரு, க என்று மூன்று குறில், லா, மோ என்று இரண்டு நெடில். மூன்றும் நான்கும் ஏழு. இந்தக் கீர்த்தனையின் தாளம் மிஸ்ர சாப்பு. சாப்பு என்பது மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழு. தகிட தகதிமி. அந்தச் சொல்லே ஒரு மிஸ்ர சாப்பு!

பாடும்போது சொல் இப்படியே ஓர் ஆவர்த்தத்துக்குள் அடங்கிவிடுவதில்லை. சௌக்க காலத்தில் வித்வான்கள் அதை நீட்டி, இழைத்து, இடைவெளி விட்டுத்தான் பாடுவார்கள். ஆனாலும் சொல்லின் எலும்புக்கூடு ஏழுதான். ஓர் எழுத்தைக் கூட்டியதால் சொல் தாளத்தோடு பிறந்ததாகிவிட்டது. பாரதியார் இப்படி எண்ணிப் பார்த்துத்தான் எழுதினார் என்று சொல்ல நான் துணியவில்லை. பாடிப் பாடியே புனைந்தவருக்கு எண்ண வேண்டிய அவசியம் இல்லை, நாக்கே எண்ணிக்கொள்ளும்.

கூட்டிய எழுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. சொல்லின் முதல் மூன்று எழுத்தை மட்டும் தனியே கேளுங்கள்: வருக. வாசலில் நிற்பவனுக்கு வீட்டுக்காரர் சொல்ல வேண்டிய சொல் அது. நந்தன் கேட்கும் கேள்விக்குள்ளேயே, அவன் கேட்க விரும்பும் பதில் ஒளிந்திருக்கிறது. பாடகர் அந்த மூன்றெழுத்தில் சற்றே நின்றால், ஒரு கணம் யாரோ வரவேற்றது போலவே கேட்கும். உடனே 'ஆமோ' வந்து அதை மீண்டும் சந்தேகமாக்கிவிடும்.

சாப்புத் தாளம் சோகத்துக்கே உரியது என்பதில்லை. குதூகலமான பாட்டுகளும் அதில் உண்டு. ஆனால் சௌக்கத்தில் அதன் நடை சமமான அடிகளாக இராது. குறுகிய அடி ஒன்று, நீண்ட அடி ஒன்று. முன்னே ஓரடி வைத்து, வைக்கலாமா என்று யோசித்து, அடுத்ததை வைப்பது போல. ஆதி தாளத்தில் இதே பாட்டைப் பாடிப் பாருங்கள். நந்தன் கம்பீரமாக உள்ளே நடந்துபோய்விடுவான்!

மஞ்சி ஏன்?

ராகம் மஞ்சி. இருபதாவது மேளமான நடபைரவியில் பிறந்தது. பைரவிக்கும் முகாரிக்கும் நெருங்கிய உறவு. அதிலும் பைரவிக்கு எவ்வளவு நெருக்கம் என்றால், கொஞ்சம் அவசரப்பட்டால் பாடகர் பைரவிக்குள் விழுந்துவிடுவார். ஸ்வரங்களின் பட்டியலைக் காட்டி இரண்டையும் பிரித்துவிட முடியாது. நடையால்தான் பிரிக்க வேண்டும். பைரவி பெரிய மாளிகை. அதில் விரிவான ஆலாபனைக்கும் வேகப் பிருகாவுக்கும் தாராளமாக இடம் உண்டு. மஞ்சியோ நின்று நின்று போகும் ராகம். நீண்ட கார்வை, காந்தாரத்தில் தங்கி மெல்ல இறங்குவது, விளம்பகாலம் ஆகியவையே அதன் அடையாளம். அதில் ஓட முடியாது. ஓடினால் அது மஞ்சி இல்லை.

சியாமா சாஸ்திரிகளும் முத்துசுவாமி தீட்சிதரும் மஞ்சியில் பாடியிருக்கிறார்கள். எண்ணிக்கையில் அதிகம் இல்லை. இப்படி அருகிய ராகத்தைப் பாரதியார் நந்தனுக்கு, அதுவும் இந்தக் கட்டத்துக்குக் கொடுத்தார். கோயிலின் பெரிய மண்டபம் பைரவி என்றால், அதன் மதிலுக்கு வெளியே ஒட்டினாற்போல் நிற்பது மஞ்சி. உள்ளே இருக்கும் அதே ஸ்வரங்கள்தான் வெளியேயும். ஆனால் உள்ளே நடமாடும் சுதந்திரம் வெளியே இல்லை. இந்த உவமை என்னுடையது. சங்கீத சாஸ்திரத்தில் தேட வேண்டாம். ஆனால் பைரவியில் ஒரு பெரிய கீர்த்தனையைக் கேட்டுவிட்டு, அந்தக் காதோடு இந்தப் பாட்டைக் கேளுங்கள். நான் சொல்வது விளங்கும்.

திரும்பி வரும் கேள்வி

இனி வடிவத்துக்கு வருவோம். கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று மூன்று உறுப்புகள். ஒவ்வொன்றும் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவது மரபு. சாதாரணமாக இந்தத் திரும்புதல் ஓர் உறுதிமொழி போல அமையும். 'உன்னை அல்லால் கதி இல்லை' என்பது பல்லவி என்றால், அனுபல்லவியும் சரணமும் அதற்குக் காரணம் சொல்லும். திரும்பி வரும்போது உறுதி கூடும்.

இங்கே பல்லவி ஒரு கேள்வி. உன் அருகில் வந்து, நின்று, கொண்டாடிப் பாட வரலாமா என்பதே அது. அனுபல்லவியில் நந்தன் ஒரு வாதம் வைக்கிறான்: நீ கருணைக் கடல் அல்லவா, உன் ஆனந்த தாண்டவத்தைப் பார்க்கத்தானே கேட்கிறேன் என்று. தன் சாதிப் பெயரைத் தானே சொல்லிக்கொள்வதும் இங்கேதான். கீர்த்தனை மரபுப்படி ராகம் மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறும் இடம் அனுபல்லவி. குரல் உயர்கிறது, கோபுரத்தை எட்டுகிறது. பதில் இல்லை. மீண்டும் அதே கேள்விக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

சரணத்தில் இரண்டாம் வாதம். தாழ்ந்த குலத்தில் பிறந்தேன், புண்ணியம் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்கிறான். பிறகு பாட்டின் போக்கு திடீரென்று மாறுகிறது. உன் சந்நிதிக்கு வந்துவிட்டேன், பிறவிக் கடலையே கடந்துவிட்டேன் என்கிறான். ஞானிகள் சொல்ல வேண்டிய பேச்சு! இத்தனை சொல்லிவிட்டு அவன் எங்கே திரும்புகிறான்? பல்லவிக்கு. வரலாமா?

பிறவிக் கடலைக் கடந்தவனால் தில்லையின் எல்லையைக் கடக்க முடியவில்லை. இதை நந்தன் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாரதியாரும் எங்கும் எழுதவில்லை. கீர்த்தனையின் வடிவம் சொல்கிறது. மூன்று முறை கேள்விக்குத் திரும்பும்போது, கேட்டவன் பொறுமையாக இருக்கிறான் என்பதைவிட, கேட்கப்பட்டவர்கள் மௌனமாக இருக்கிறார்கள் என்பதே சபைக்கு உறைக்கிறது. சரணத்தை வெட்டிவிட்டால் இந்த முரண் போய்விடும். மிஞ்சுவது மெல்லிய பக்திப் பாட்டு. ஆசிரியையின் யோசனை இசையின் பக்கம் இருந்து பார்த்தாலே தவறு என்பதற்கு இதுதான் காரணம்.

'ஐயா' என்ற விளியையும் கவனியுங்கள். பண்ணையாள் எஜமானரைக் கூப்பிடுவதும் அப்படித்தான், அடியார் ஆண்டவனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். நாடகம் முழுவதையும் கேட்டவருக்கு, சிதம்பரத்து வாசலில் எழும் இந்த விளியில் ஆதனூர்ப் பண்ணையின் எதிரொலி கேட்காமல் இராது.

கரமனையில் கேட்டது

எங்கள் கரமனைக்குச் சங்கீதம் புதிதல்ல. தமிழில் உருகி உருகிப் பாடிய நீலகண்ட சிவன் (1839–1900) வாழ்ந்து பஜனை செய்த ஊர் இது. தந்தையை இழந்து தாயோடு திருவனந்தபுரம் வந்த ராமய்யா என்ற சிறுவன் அந்த பஜனை மரபில் ஊறித்தான் பிற்காலத்தில் பாபநாசம் சிவன் ஆனார். ஜெமினியின் 'நந்தனார்' படத்தில் (1942) தண்டபாணி தேசிகர் நந்தனாக நடித்துப் பாடினார். அந்தப் படத்துக்குப் பாட்டு எழுதியவர்களில் பாபநாசம் சிவனும் ஒருவர்.

என் பாட்டி சபையில் பாடியவள் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்து பாடுவாள். இந்தப் பாட்டு வாரத்தில் இரண்டு நாளாவது உண்டு. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது இருக்கும். மாட்டுக்குப் புல்லுக்கட்டு கொண்டுவரும் ஒரு முதிய பெண்மணி கொல்லைப் படலுக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தாள். காசு வாங்க வேண்டும், பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தாள். முடிந்ததும் தமிழும் மலையாளமும் கலந்து கேட்டாள்: "அம்மா, அவன் உள்ளே போனானா?"

"போனாண்டி. ஸ்வாமியே கூப்பிட்டார்."

"எப்படிப் போனான்?"

"தீயில எறங்கி, சுத்தமாகி, அப்புறம் போனான்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்குத் தீயிலே எறங்கணுமா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. விலை விசாரிப்பது போலக் கேட்டாள். பாட்டி காசைப் படல் மேல் வைத்தாள். அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

இதன் முழு அர்த்தம் எனக்குப் பல வருஷம் கழித்தே புரிந்தது. திருவிதாங்கூரில் கோயில் பிரவேச விளம்பரம் வந்தது 1936 நவம்பர் 12இல். சித்திரைத் திருநாள் மகாராஜா கையெழுத்திட்டார். அதற்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்கானூரில் பிறந்த அய்யன்காளி (1863–1941), தடைசெய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டிப் போனவர். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924–25இல் சத்தியாக்கிரகம் நடந்தது. பெரியார் ஈ.வெ.ரா. அங்கே வந்து சிறை சென்றார். தமிழ்நாட்டில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தலைமையில் நுழைந்தது 1939 ஜூலை 8இல்.

அந்தப் பெண்மணி எங்கள் கொல்லையில் நின்று கேட்டது 1950களின் இறுதியில். அரசாங்கம் கோயில் வாசலைத் திறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுப் படல் திறக்கவில்லை. காசு கையிலிருந்து கைக்குப் போகவில்லை. பாட்டி நல்லவள்தான். அந்தப் பாட்டில் கண்ணீர் விடுவாள். பாட்டில் வரும் நந்தனுக்காக அழ முடிந்த எங்களுக்கு, படலுக்கு அப்பால் நின்றவள் கண்ணில் படவில்லை. இசையின் குறைபாடா இது? கேட்ட காதின் குறைபாடு என்றுதான் சொல்வேன்.

பாட்டின் மீது உள்ள வழக்கு

பாட்டுக்கு எதிரான வழக்கையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நந்தனைக் கெஞ்ச வைத்தது இந்த நாடகம் என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனை அடிமையாக ஏற்காமல் அரசனாகவே எழுதினார். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' (1978) நாடகமோ தீக்குளிப்பைச் சூழ்ச்சியாகவே காட்டுகிறது. உரிமையை வரமாகக் கேட்பவன் எங்களுக்கு முன்மாதிரி ஆக முடியுமா என்று கேட்பவர்களுக்கு, பாட்டு இனிமையானது என்பது பதில் ஆகாது.

அதே பெயரை வேறு விதமாக எடுத்துக்கொண்டவரும் உண்டு. சுவாமி சகஜானந்தர் 1916இல் அதே சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணி தொடங்கினார். வாசலில் நின்று பாடியவன் பெயரில் பள்ளி வாசல் திறந்தது. பாரதியாரின் நாடகம் பரப்பிய பெயரைப் பாரதியார் நினைக்காத வேலைக்கு அவர் பயன்படுத்தினார்.

கடல் கடந்து ஒரு சான்றும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1927இல் மேடையேறிய 'ஷோ போட்' என்ற இசை நாடகத்தில், ஜோ என்ற கறுப்பினத் துறைமுகத் தொழிலாளி பாடும் தனிப்பாட்டு ஒன்று உண்டு: 'ஓல் மேன் ரிவர்'. இசை ஜெரோம் கெர்ன், சொல் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீன். இருவரும் வெள்ளையர்கள். மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் தொடங்கி, கடைசியில் உச்சத்துக்கு ஏறும் மெட்டு. அதன் முதல் வடிவத்தில் இருந்த இழிசொல் காலப்போக்கில் மாற்றப்பட்டது. அந்தப் பாட்டால் புகழ்பெற்ற கறுப்பினப் பாடகர் பால் ராப்சன், 1930களின் பிற்பகுதியிலிருந்து தம் கச்சேரிகளில் சொற்களைத் தாமே மாற்றினார். களைத்துப் போனவனின் புலம்பலைப் போராடுபவனின் குரலாக ஆக்கினார். மெட்டு அதேதான்.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று தெரிகிறது. ராப்சன் சொல்லை மாற்றியது, அந்தச் சொல் தன்மேல் விழுந்ததால். நாம் மாற்ற நினைப்பது, அந்தச் சொல் நம் வாயில் இருந்து வருவது கூச்சமாக இருப்பதால். முன்னது உரிமை. பின்னது பல நேரம் தடயத்தை அழிப்பது. 'பறையன்', 'புலையன்' என்ற இடத்தில் 'ஏழை' என்று போட்டுவிட்டால், நந்தன் வெளியே நின்றதற்குக் காரணம் வறுமை என்றாகிவிடும். வறியவனைத் தில்லை தடுக்கவில்லையே! சாதிக்காகத்தானே தடுத்தது!

விழாவில் நடந்தது

பேத்தியிடம் இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். "முழுசாப் பாடு. பாடறதுக்கு முன்னாடி நந்தன் எங்கே நிக்கறான், ஏன் நிக்கறான்னு இரண்டு நிமிஷம் சொல்லு" என்றேன். அவளும் அப்படியே செய்தாள். சாப்பைச் சௌக்கத்தில் பிடித்து, சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பிய இடத்தில், சபை நிசப்தமாக இருந்தது.

கைதட்டல் முடிந்த பிறகு சங்கத்தில் எனக்குப் பழக்கமான அன்பர் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். "பாட்டு நல்லாத்தான் இருந்தது சார். பாப்பாவுக்கு நல்ல குரல். ஆனா அந்தச் சொல் வந்தப்போ என் பேரன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயசு. உங்களுக்கு அது பாட்டுல வர்ற சொல். எங்களுக்கு அப்படி இல்லே" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை அது.

என் நியாயங்கள் எல்லாம் என்னிடம் தயாராக இருந்தன. ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை. "உங்களை முன்னாடியே கேட்டிருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னேன். "கேட்டிருந்தா பாடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். பேரன்கிட்டே வீட்டுலேயே பேசிட்டுக் கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றார்.

அன்றிலிருந்து என் கருத்தை ஓரளவு திருத்திக்கொண்டேன். சரணத்தை வெட்டக்கூடாது, சொல்லை மறைக்கக்கூடாது என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் முழு நாடகத்துக்காக எழுதிய பாட்டைக் கச்சேரிக் கடைசியில் ஏழு நிமிஷத் துக்கடாவாகப் பாடும்போது, வேதியர் இல்லை, பண்ணை இல்லை, தீயும் இல்லை. அந்தச் சொல் மட்டும் நிற்கிறது. நாடகத்தில் அது சபையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் சொல். துக்கடாவில் அது யாரோ ஒரு பையனின் முகத்தில் போய் விழுகிறது. ஆகவே இந்தப் பாட்டைப் பாட விரும்பும் சங்கங்களுக்கு என் வேண்டுகோள்: கதையோடு பாடுங்கள். சேரிக் காட்சியில் தொடங்கி வாசல் வரை வரும் நான்கைந்து பாட்டுகளையாவது சேர்த்துப் பாடுங்கள். அதற்கு முன், அந்தச் சொல் யாரைச் சுடுமோ அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். அந்த உரிமை அவர்களுடையது.

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இல்லாமல் இருந்தது. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் அங்கே அமர்ந்து பாடினார். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. இத்தனை வித்வத்துக்கும் ஓர் அனுமதிக்காக அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியூரில் தமிழோடு வாழும் நாமும் வாடகை வீட்டு வாசலில், அலுவலக வாசலில், மொழி தெரியாத பள்ளிக்கூட வாசலில் நின்றவர்கள்தான். நின்ற அனுபவம் நமக்கு உண்டு. நம் வீட்டுப் படலுக்கு அப்பால் யாரை நிற்க வைத்தோம் என்ற நினைவும் அதோடு இருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு நந்தன் சரித்திரத்தை ஒரு மணி நேரக் கதையாகவே செய்வது என்று அந்த அன்பரும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். கதை சொல்லும் பொறுப்பு அவருடையது. தீக்குழிக் காட்சியை எப்படி முடிப்பது என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பாட்டு பேத்தி பாடுவாள். சரணத்தை அவருடைய பேரன் பாடுவதாகச் சொல்லியிருக்கிறான். மஞ்சி அவனுக்கு இன்னும் பைரவியாகத்தான் வருகிறது. பழகிவிடும்.